குவேனி அக்காவின் விருந்தாளிகள்

இங்கிலாந்தின் யோர்க்சயர் கரையில் விட்பி என்று ஒரு மீன்பிடி ஊர். 1890இல் பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ்காரர் அங்கே விடுமுறைக்குப் போனார். மழை நாளில் போக்கிடம் இல்லாதவர் செய்வதுபோல ஊர் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டியதில், டிராகுலா என்ற பெயர் கண்ணில் பட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னர் அந்தக் கரையில் ஒரு ரஷ்யக் கப்பல் தரைதட்டிய கதையையும் ஊரார் சொல்லக் கேட்டார். இரண்டையும் கலந்து 1897இல் நாவலாக விட்டார். புயலில் கப்பல் கரைக்கு வருகிறது. சுக்கானோடு கட்டியபடி மாலுமியின் பிணம். கப்பலிலிருந்து ஒரு பெரிய நாய் பாய்ந்து இருட்டுக்குள் ஓடி மறைகிறது.

இல்லாத அந்த நாயை வைத்து விட்பி இன்றுவரை சாப்பிடுகிறது. 1994 முதல் அங்கே கோத் விழா. கறுப்பு உடுப்பு, கறுப்பு உதட்டுச்சாயம், சுண்ணாம்பு அடித்த முகம் என்று சனம் இறங்கும். விடுதிகளில் அறை கிடைக்காது. மீன்பொரியல் கடைக்காரர், வரிசையில் நிற்கும் இரத்தக்காட்டேரியிடம் வினாகிரி கூடவா குறையவா என்று கேட்டுப் பொதி கட்டுவார்.

இனி நம்ம பக்கம் வருவோம். கொழும்பிலிருந்து வரும் வீதி புத்தளத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்தி. இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி. சுந்தரர் பாடிய பாலாவி இது இல்லை. அது மன்னாரில் திருக்கேதீச்சரத்துத் தீர்த்தம். இந்தப் பாலாவியைப் பாட எந்த நாயனாரும் வரவில்லை. பஸ் கொண்டக்டர்மார் மட்டும் தினமும் பாடுகிறார்கள். உப்பளம் உண்டு, சீமெந்து ஆலை உண்டு, விமானப்படைத் தளம் உண்டு. இவ்வளவு இருந்தும் சுற்றுலாப் பயணிக்குப் பாலாவி என்பது டொல்பின் பார்க்கப் போகும் வழியில் வான்காரன் தேத்தண்ணிக்கு நிறுத்தும் இடம்.

டொல்பினை விற்கிறோம், காற்றை விற்கிறோம். அலைமேல் பட்டம் பிடித்துப் பறக்கும் வெள்ளைக்காரனுக்குக் கற்பிட்டிக் காற்றே காசு. ஆனால் இந்தக் கரையின் அசல் சரக்கு இருட்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடச் சேமிப்பு; ஒரு பொட்டலமும் விற்கவில்லை.

கோத் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கறுப்புச் சட்டை என்றதும் பெரியார் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். முதல் கோத்துகள் ஒரு ஜேர்மானியக் குடி. 410இல் அலாரிக் என்பவர் தலைமையில் ரோமுக்குள் புகுந்து மூன்று நாள் கொள்ளையடித்தார்கள். ஆயிரம் வருடம் கழித்து இத்தாலியக் கலைஞர்கள் தங்களுக்குப் பிடிக்காத கூர்கூரான தேவாலயங்களைப் பார்த்து, "கோத் கட்டியது மாதிரி" என்று ஏசினார்கள். ஏச்சு பட்டமாகி, பட்டம் பேய்க்கோட்டை நாவல்களில் ஒட்டி, கடைசியில் பாட்டுக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. 1979இல் பௌஹவுஸ் என்ற குழு, டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி செத்துப்போனார் என்று ஒன்பது நிமிடத்துக்கு மேல் பாடியது. அவர் செத்தது 1956இல். செய்தி சற்றுத் தாமதம். 1982இல் லண்டனில் பேட்கேவ் என்று, வௌவால் குகையின் பெயரில் ஒரு இரவு விடுதி திறந்தார்கள். அங்கே போன பிள்ளைகள் தலையில் ஒரு பக்கம் மழித்து, மறு பக்கம் கூரை போல நிமிர்த்தி வைத்துக்கொண்டார்கள். இன்று ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வருடந்தோறும் இருபதாயிரம் பேர் அளவில் கூடுகிறார்கள்.

அரைத்தலை மழிப்பதை லண்டன் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் மகாவம்சத்தை எடுத்து மேசையில் போடுங்கள்.

அதில் வரும் விஜயன் நல்ல குடும்பத்துப் பிள்ளை இல்லை. பாட்டி ஓர் இளவரசி. சிங்கத்தோடு குடும்பம் நடத்தியவர். அப்பா சிங்கபாகு, தன் அப்பனான சிங்கத்தையே அம்பெய்து கொன்று, சொந்தத் தங்கச்சியைக் கட்டிக்கொண்டவர். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பையன் தெருவில் அட்டகாசம் பண்ணினான் என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஊர் முறைப்பாடு அரண்மனைக்கு வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. பொறுமை போன ராசா, மகனுக்கும் அவன் கூட்டாளிகள் எழுநூறு பேருக்கும் அரைத்தலையை மழித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டார். எழுநூற்று ஒரு அரைமொட்டைகள். பேட்கேவ் திறந்த அன்றுகூட அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள்.

கப்பல் தம்பபண்ணியில் கரைதட்டியது. அது எங்கே என்று அறிஞர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கரைதான் என்பது பலரின் முடிவு. குதிரைமலைதான் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அன்றைக்குத்தான் வடக்கே புத்தர் கண்ணை மூடினார் என்கிறது மகாவம்சம். உலகத்தின் பெரிய துக்கம் நடந்த நாளில் அரைமொட்டைகளின் படகு கரைக்கு வருகிறது. ஒரு கோத்துக்கு இதைவிட நல்ல நாள் பஞ்சாங்கத்தில் கிடையாது.

வந்தவர்களை முதலில் வரவேற்றது யார் தெரியுமா? ஒரு நாய். சத்தியமாக நாய்தான். விட்பியில் கப்பலிலிருந்து நாய் இறங்கியது. இங்கே கப்பலைப் பார்க்க நாய் வந்தது. ஸ்டோக்கருக்கு ஆயிரத்து முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன்னரே எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்குப் போட்டிருக்கலாம்.

"நாய் இருந்தால் ஊர் இருக்கும்" என்று ஒருத்தன் அதன் பின்னால் போனான். நல்ல தர்க்கம். இன்றைக்கும் வழி தவறினால் நாங்கள் செய்வது இதுதான். ஆனால் அது நாய் இல்லை, நாய் வேடத்தில் வந்த இயக்கி. போனவன் கண்டது ஒரு குளம். கரையில் ஒரு மரம். மரத்தடியில் தவசி போல உட்கார்ந்து நூல் நூற்கும் ஒரு பெண். குவேனி. தனிமை, மௌனம், நூல்கதிர், சாவு! விட்பி விழாவின் விளம்பர ஓவியம் வரைபவனுக்கு வேறென்ன வேண்டும்?

குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தான். "நில், நீ எனக்கு இரை" என்றாள். அவன் கையில் தெய்வம் கட்டிய காப்புநூல் இருந்ததால் தின்ன முடியவில்லை. சரி, பிறகு பார்ப்போம் என்று பள்ளத்தில் தூக்கிப் போட்டாள். அவனைத் தேடி அடுத்தவன். அவனைத் தேடி இன்னொருவன். இப்படியே எழுநூறு பேரும். ஒருவனாவது, முன்னால் போனவன் ஏன் திரும்பவில்லை என்று யோசித்தானா? இல்லை. நாட்டைத் தோற்றுவித்த எழுநூறு பேரின் நிலைமை இது. பிற்காலத்து நிர்வாகத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

விஜயன் கடைசியாக வந்தான். குளக்கரையில் உட்கார்ந்து கால்தடங்களைப் பார்த்தான். இறங்கிய தடம் நிறைய. ஏறிய தடம் ஒன்றும் இல்லை. தீவின் முதல் துப்பறிவாளன். பாய்ந்து அவள் கழுத்தில் சுருக்கைப் போட்டு, இடக்கையால் கூந்தலைப் பிடித்து, வலக்கையில் வாளை ஓங்கினான். "என் ஆக்களை விடு." விட்டாள். "பசிக்கிறது" என்றார்கள். அரிசியும் சாமானும் கொண்டுவந்து கொட்டினாள். எங்கேயிருந்து? அதற்கு முன்னர் அவள் தின்று முடித்த வியாபாரிகளின் கப்பல்களிலிருந்து. ஆளை அவள் சாப்பிட்டிருந்தாள்; அரிசியை இவர்கள் சாப்பிட்டார்கள். ஒன்றும் வீணாகவில்லை.

பிறகு பதினாறு வயதுப் பெண்ணாக உருமாறி வந்தாள். மரத்தடியில் மேற்கட்டியோடு கட்டில் போட்டாள். அந்த இரவில் தூரத்தில் பாட்டும் கொட்டும் கேட்டது. "என்ன சத்தம்?" "எங்கட ஆக்களின் கலியாண வீடு. இப்போது அடித்தால் ஒரே அடியில் எல்லாரையும் முடிக்கலாம்." தன் இனத்தையே காட்டிக்கொடுத்தாள். இரவோடிரவாக இயக்கர்களை வெட்டி, செத்த இயக்க ராசாவின் உடுப்பைக் கழற்றி விஜயன் போட்டுக்கொண்டான். பிணத்தின் உடுப்பைப் போட்டு அரசாண்டவன் என்ற பெருமையோடு அவனை எந்தக் கோத் சங்கத்திலும் ஆயுள் உறுப்பினராக்கலாம்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நாடு பிடித்தாயிற்று. இனி முடிசூட வேண்டும். அப்போதுதான் விஜயனுக்கு ஞாபகம் வந்தது: பட்டத்து ராணிக்குக் குலம் வேண்டுமே! சிங்கத்தின் பேரன் கேட்கிறான். மதுரைக்கு ஆள் அனுப்பினான். பாண்டியன் மகளைக் கொடுத்தான். கூட்டாளிகளுக்கும் பெண் கொடுத்தான். பதினெட்டுத் தொழிற்குடிகளில் ஆயிரம் குடும்பத்தையும் சீதனம் போல ஏற்றிவிட்டான். கப்பல் மாதோட்டத்தில் இறங்கியது. விஜயன் குவேனியைக் கூப்பிட்டான். "பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ. இயக்கி என்றால் சனம் பயப்படும். ஆயிரம் பொன் பெறுமதிக்குப் பலி படைத்து உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்." தீவில் பதிவான முதல் ஜீவனாம்சம். கொடுத்ததாகப் பற்றுச்சீட்டு இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் சனத்திடமே போனாள். ஒற்றுப் பார்க்க வந்தவள் என்று ஒருத்தன் கையால் ஒரே குத்து. முடிந்தது. மாமன் ஒருவன் பிள்ளைகளை எச்சரித்து ஓடவைக்க, அவர்கள் சிவனொளிபாதமலைப் பக்கம் போய், அண்ணன் தங்கச்சியையே கட்டிக்கொண்டு காட்டில் பரம்பரை வளர்த்தார்கள். குவேனியின் சாபம் விஜயனைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அது அடுத்து வந்த பண்டுவாசுதேவனைப் பிடித்து நோயில் தள்ளியது. சாபம்கூட இந்த நாட்டில் விலாசம் மாறித்தான் போகிறது. அதைக் கழிக்க ஆடிய ஆட்டம்தான் கண்டிப் பகுதியில் இன்றுவரை ஆடும் கொஹொம்பா கங்காரிய என்பது ஐதிகம்.

இந்தக் கதையில் பேய் யார், மனிசன் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. குவேனி என்ற பெயரில் எங்கள் கரையில் ஒரு தேத்தண்ணிக் கடையாவது இருக்க வேண்டாமா என்று மட்டும் கேட்கிறேன். கடித்துத் திரிந்த பிரபுவுக்கு விட்பியில் வருடா வருடம் திருவிழா. கைவிடப்பட்ட குவேனிக்கு இங்கே ஒரு பெயர்ப்பலகைகூட என் கண்ணில் படவில்லை.

அவளுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் எதையாவது எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள். ரோமன்காரன் மட்டும் தெரியாமல் வந்தான். செங்கடலில் வரி குத்தகை எடுத்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவனின் ஆள், அரேபியாவைச் சுற்றிக் கப்பல் ஓட்டும்போது காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் ஹிப்புரோஸ் என்ற துறையில் ஒதுங்கினான். குதிரைமலைதான் அது என்று பலர் சொல்கிறார்கள். அவன் சொன்ன கதைகளைக் கேட்டு நம் ராசா, குளோடியஸ் சக்கரவர்த்தியிடம் நாலு பேரைத் தூது அனுப்பினார். போனவர்கள் ரோமின் மாளிகைகளைப் பார்த்து வாய்பிளக்கவில்லை. தங்கள் நிழல் வடக்கே விழுகிறதே என்று அதிசயப்பட்டதாகப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். உலகத்தின் தலைநகருக்குப் போய் நிழலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாலு பேர்! அவர்களை எங்கள் ஊர் முதல் கோத்துகள் என்று அறிவிக்கலாம்.

1344இல் இப்னு பதூதா வந்தார். மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பல் காற்றில் சிக்கியது. மாலுமிகள் கரையைக் கண்டுவிட்டு, "இது ஆரியச்சக்கரவர்த்தியின் நாடு, கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல் வைத்திருப்பவன், இறங்க மாட்டோம்" என்றார்கள். புயலா, ராசாவா? பதூதா ராசாவைத் தேர்ந்தார். இறங்கி, "நான் மாபார் சுல்தானின் சகலை" என்று ஒரு போடு போட்டார். எங்கே போனாலும் சகலை முறை சொன்னால் கதவு திறக்கும் என்பதை அந்த மொரோக்கோக்காரர் எப்படித்தான் கற்றாரோ. பத்தாலா என்று அவர் எழுதியது இந்தப் புத்தளத்தை. மரத்தால் மதில், மரத்தால் கொத்தளம், கரையெல்லாம் வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள். ராசா முத்துகளைக் காட்டி, "இதைவிட நல்லது எங்காவது கண்டீரா?" என்றார். "கண்டதில்லை" என்றார் விருந்தாளி. முத்துகள் அன்பளிப்பாகக் கைமாறின. இப்படிப்பட்ட விருந்தாளியைச் சுற்றுலாச் சபை சும்மா விடக்கூடாது. ஆனால் கோத் கணக்கில் அவர் சேர மாட்டார். வாழ்க்கையில் அவ்வளவு ருசி உள்ள ஆள். பல்லக்கு, யோகிகள், பிராமணர்கள், சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று ஊர்வலமாகப் பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டார். குவேனியின் பிள்ளைகள் உயிருக்குப் பயந்து ஓடிய அதே மலை.

போர்த்துக்கேயர் கற்பிட்டிக்கு வந்து சேசுசபைக் குருமாரோடு தேவாலயம் கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தி, 1667 தொடக்கம் 1676 வரை கோட்டை கட்டினார்கள். கண்டி ராசா புத்தளத்தின் வழியாக வியாபாரம் பண்ணக்கூடாது, அதுதான் நோக்கம். ஒல்லாந்தர் வேலையில் கவிதை கிடையாது. பவளக்கல்லை அடுக்கி, வாசலை வைத்து, கடலைப் பூட்டினார்கள். பிறகு இந்த வெயிலில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். அவர்களுடைய பழைய தேவாலயத்தில் கல்லறைப் பலகைகள் இன்னும் இருக்கின்றன. காலடியில் எழுத்து, அதன்மேல் உப்புக்காற்று, வாசலில் ஒரு கழுதை. லைப்சிக்கில் இந்தக் கழுதை கிடைக்காது. கோட்டைக்குள் இப்போது கடற்படை. கறுப்பு உதட்டுச்சாயத்தோடு போய் அனுமதி கேட்பவரைக் காவலில் நிற்கும் தம்பி எப்படிப் பார்ப்பார் என்பதை நான் நேரில் காண விரும்புகிறேன். சுரங்கப்பாதை உண்டு என்றும் சொல்வார்கள். சுரங்கப்பாதை இல்லாத கோட்டையை இலங்கையில் யாரும் மதிப்பதில்லை.

அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் அடுக்கி ஒரு கெசட்டியர் போட்டார். பிறகு இறந்துபோன தமிழ்ப் புலவர்களை வரிசையாக அடுக்கி 1859இல் தமிழ் புளூட்டார்க் போட்டார். அடுத்த வருடம் தானும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தார். எவ்வளவு ஒழுங்கான மனிதர்!

முத்துக்குளிப்பு நடந்தது சற்று வடக்கே, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்புப் பக்கம். விட்பிக்கு ஜெட் என்ற கறுப்புக்கல் மண்ணிலிருந்து கிடைத்தது. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா ராணி சாகும்வரை கறுப்பு உடுத்தியதால் அந்த ஊர் துக்க நகை விற்றே முன்னேறியது. எங்களுக்கு வெள்ளை முத்து கிடைத்தது. கிடைத்த விதம் கோத்துகளுக்கு மட்டும் சொல்லத்தக்கது. அள்ளிய சிப்பியை உடனே திறக்க மாட்டார்கள். குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்துப் புழு வைத்து, புழு சதையைத் தின்று முடிக்க ஒரு வாரம், பத்து நாள். மிச்சத்தைக் கழுவினால் அடியில் முத்து. 1906இல் லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜினியாவின் கணவர், மறிச்சுக்கட்டியில் அரச உத்தியோகத்தராக நின்று இந்த நாற்றத்தைச் சுவாசித்தார். ஐரோப்பியச் சீமாட்டிமார் கழுத்தில் போட்ட முத்தை மோந்துபார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைவிட மேலானது கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். அவர் கரையில் நின்று மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். இறங்காவிட்டால் வருமானம் இல்லை. ஆகவே பிரித்தானிய அரசாங்கம், நீராவி இயந்திரமும் பைபிளும் கையில் வைத்திருந்த அரசாங்கம், மந்திரவாதிக்குச் சம்பளம் கொடுத்தது. பரம்பரைப் பதவி. பில்லிசூனியத்தை அரச சேவைக்குள் கொண்டுவந்த ஊர் இது என்று ஒரு பதாகை கட்டினால் போதும், லண்டனிலிருந்து விமானம் நிரம்பும்.

விமானம் என்றதும் இன்னொன்று. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை இங்கே ஒரு விமானத்தளம் வைத்திருந்தது. பெயர் ரஜாலிய, கழுகு. கோர்செயர் என்ற போர்விமானங்கள். மழை பெய்தால் கழுகுகள் சேற்றில் புதைந்தன. வெளியே இழுத்தது யார்? யானை. அமெரிக்காவில் செய்த விமானத்தின் சக்கரத்தில் கயிறு கட்டி யானை இழுக்கும் படம் இன்றும் போர்ப் புத்தகங்களில் வருகிறது. யானையின் முகத்தில் தெரியும் சலிப்பை எந்தக் கோத்தும் பயிற்சி எடுத்தால்கூடக் கொண்டுவர முடியாது.

ஒரு வருகை மட்டும் பகிடிக்கு வெளியே. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். கையில் சில நூறு ரூபாயோடு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புத்தளம், பாலாவி, கற்பிட்டி என்று உப்புத்தரையில் ஓலைக்குடிசை போட்டன. இந்தக் கரைக்கு எடுக்க வராமல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். இங்கே இருந்த சனம் இடமும் தண்ணீரும் பகிர்ந்தது. அதை எந்த விழா அட்டையிலும் போட மாட்டோம்.

இன்றைய பாலாவிக்கு வருவோம். கோத் பஸ்ஸால் இறங்குகிறார். தலை முதல் கால் வரை கறுப்பு. தன்னை ஊரே திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்க்கிறார். ஒருவரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் பெண்கள் கறுப்பு அபாயாவில் உச்சி வெயிலில் மீன் வாங்கி, விலை பேசி, பாதி விலைக்குக் கொண்டுபோகிறார்கள். கார்த்திகை பிறந்தால் உடப்பு, முன்னேஸ்வரம் பக்கம் ஐயப்பசாமிமார் கறுப்பு வேட்டியில் வருவார்கள். தேத்தண்ணிக் கடை நானா, "என்ன மகள், பிளேன்டீயா, பாலா?" என்று மட்டும்தான் கேட்பார்.

இங்கே சாவின் நிறம் வெள்ளை. மையித்துக்குச் சுற்றும் கபன் வெள்ளை. சிங்கள மரண வீட்டுக்குத் தெருவெல்லாம் வெள்ளைக் கொடி. கைம்பெண் சேலை வெள்ளை. எங்கள் ஆக்களைப் பயமுறுத்த வேண்டுமானால் கோத் வெள்ளை உடுத்தித்தான் வர வேண்டும்.

வெள்ளைக்குப் பஞ்சமில்லை. உப்பளத்துக்கு வாருங்கள். களப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திக் காயவைக்கிறார்கள். தண்ணீர் கெட்டிப்படும்போது நுண்ணுயிர்கள் பெருகி இளஞ்சிவப்பாகும். மாலையில் பார்த்தால் இரத்தம் கழுவிய தண்ணீர் மாதிரி. பிறகு ஓரத்தில் மெல்லிய ஆடை படியும், ஆடை பொருக்காகும். பலகைவாரியால் சுரண்டி இழுக்கும்போது கண்ணாடி நொறுங்குகிற சத்தம். குவித்த உப்பைக் கிடுகால் மூடி வைப்பார்கள். வரிசையாக, நீளமாக, ஆளுயரத்துக்குக் கிடுகு போர்த்திய மேடுகள். தெரியாதவன் இரவில் வந்தால் இந்த ஊரில் என்ன கொள்ளைநோய் வந்தது என்று கேட்பான். உள்ளே சோறு கறிக்குப் போடும் சாமான்தான்.

முகத்துக்குப் பூச்சு வேண்டுமானால் சீமெந்து ஆலைப் பக்கம் ஒரு நடை. சாம்பல் நிறம், இலவசம். கறுப்பு வேண்டுமானால் நுரைச்சோலை அனல்மின் நிலையம். 2011இல் தொடங்கி, இப்போது முந்நூறு மெகாவாட்டில் மூன்று இயந்திரம். நிலக்கரிக் குவியல் மலை மாதிரி. காற்றோடு தூள் வீட்டுக்குள் வருகிறது என்பது அங்குள்ள சனத்தின் நெடுநாள் முறைப்பாடு. அவர்கள் கண்மை தீட்டிக்கொள்ளத் தேவையே இல்லை. 2017இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து ஆக்கள் செத்த பிறகு, கொழும்பின் குப்பையை எங்கே கொட்டுவது என்று யோசித்த பெரியவர்களுக்கு அறுவைக்காடு ஞாபகம் வந்தது. புத்தளம் சனம் மாதக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடியது. விஜயன் காலத்தில் அரைமொட்டைகளைத் தள்ளிவிட்ட இடம். வேண்டாததை இந்தக் கரைக்கு அனுப்பும் வழக்கம் பழையது.

நெருப்பு கேட்பவர்களுக்கு உடப்பு இருக்கிறது. ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதி. கறுப்புப் பூட்ஸைக் கழற்ற வேண்டிவரும், அவ்வளவுதான். அதன் முழங்கால்வரை உள்ள நாடாவை அவிழ்ப்பதற்குள் தணல் ஆறிவிடும் என்பது வேறு கதை. முன்னேஸ்வரத்துப் பத்திரகாளிக்கு ஆட்டுப் பலி இருந்தது. 2011இல் அரசியல்வாதிகள் தலையிட்டு நிறுத்தினார்கள். தாமதித்து வந்தவர்களுக்கு எலுமிச்சம்பழம்.

விழாவுக்கு மிச்சம் திகதி மட்டும். ஓகஸ்ட் சரிவராது: தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடு முழுதும் வந்து மரத்தடி மரத்தடியாகக் குடியிருக்கும், பட்டக்கார வெள்ளையர் விடுதிகளைப் பிடித்திருப்பார்கள். நவம்பர், டிசம்பர் மழை, யானை வேண்டிவரும். ஜனவரியிலிருந்து டொல்பின்காரர். விட்பிக்காரரைப் போல ஏப்ரலில் வைக்கலாம் என்றால், ஏப்ரல் நடுவில் எங்கள் உச்சிக்கு நேரே சூரியன் நிற்கும். மத்தியானத்தில் ஆளுக்கு நிழலே விழாது. நிழல் இல்லாத கோத்தை வைத்து என்ன செய்வது? குடை பிடித்தால் சமாளிக்கலாம். சந்திக் கடையில் கிடைக்கும், கறுப்பு மட்டும்தான் இருப்பில் உண்டு.